அலாய் வீலில் ஒட்டுவது ஒரே அழுக்கு இல்லை

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்விஃப்ட் கார். பாடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இன்ஜினும் சத்தமில்லாமல் ஓடியது. அலுமினியக் கலவையில் செய்த அலாய் வீல்தான் பார்க்கச் சகிக்கவில்லை. முன்னால் இரண்டும் கறுத்துப்போய், இடுக்குகளில் காப்பிப்பொடி நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தன. பின்னால் இரண்டும் பரவாயில்லை. ஆனால் அதில் இடதுபக்கத்து வீலின் பளபளப்பான முகப்பில் வெள்ளைவெள்ளையாக நெளிந்த கோடுகள். "ஒரு வாட்டர் வாஷ் விட்டா எல்லாம் போயிடும் சார்" என்று விற்றவர் அடித்துச் சொன்னார். விட்டேன். செம்மண் போனது. கறுப்பும் புள்ளியும் கோடும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த மூன்றும் மூன்று வேறு சங்கதிகள் என்பது பிறகுதான் பிடிபட்டது. ஒன்று மேலே படிவது, ஒன்று பூச்சுக்குள் குத்தி உட்காருவது, இன்னொன்று பூச்சுக்கு அடியில் உலோகமே அரித்துப்போவது. முதலாவதற்கு ஷாம்பூ போதும். இரண்டாவதற்குத் தனி மருந்து வேண்டும். மூன்றாவதை எந்த பாட்டிலாலும் கழுவ முடியாது. இது தெரியாமல் கடைக்குப் போய் "வீல் பளபளக்க ஏதாவது குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை.

முன்வீல் மட்டும் ஏன் கறுக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்வீலுக்கு. பிரேக் பேடு வார்ப்பிரும்பு டிஸ்க்கை உரசும்போது இரண்டுமே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. அந்தக் கறுப்புத் தூளில் இருப்பது பேடின் கரியும் பிசினும், கூடவே பொடிப்பொடியாக இரும்பு. பின்னால் இருக்கும் டிரம் மூடிய சட்டி என்பதால் தூள் உள்ளேயே தங்கிவிடுகிறது. பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டி என்றால் பின்வீலும் கறுக்கத்தான் செய்யும்.

தூளாக இருக்கும்வரை பிரச்சினையில்லை, ஷாம்பூ போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆனால் இரும்புத் துகள் சூடாகத் தெறிக்கிறது. வீலின் மேலிருக்கும் கிளியர் கோட்டில், அதாவது நிறமில்லாத மேல்பூச்சில், பட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில் நிறுத்திய காரின் கண்ணாடியைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொரசொரப்பு தெரியும், அதே கதைதான். பிறகு மழை, பனி, கடல்காற்று. துகள் துருப்பிடிக்கிறது. அதுதான் காப்பிப்பொடிப் புள்ளி. சென்னையில் ஓஎம்ஆர் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் பிரேக் மிதித்து, ராத்திரி திருவான்மியூர் பக்கம் திறந்தவெளியில் வண்டியை நிறுத்துகிறவருக்கு இது சீக்கிரமே வரும்.

இதற்கென்று விற்பது 'அயர்ன் ரிமூவர்'. சென்னையில் ஜி.பி. ரோட்டில் கார் சாமான் கடைகளில் கிடைக்கிறது, ஆன்லைனிலும் உண்டு. வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். தயோகிளைகோலேட் என்ற பெயர் இருந்தால் சரியான சரக்கு. பியூட்டி பார்லரில் முடியைச் சுருட்டப் போடும் திரவத்திலும் அதே வகை ரசாயனம்தான், அதனால் வாடையும் அதேதான். அழுகிய முட்டை நாற்றம். வீட்டு வாசலில் வைத்து அடித்தால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முதல் தடவை அடித்தபோது நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நட்டுக் குழியின் ஓரத்தில் ஒரு புள்ளி ஊதாவாக மாறியது, பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் வீல் முழுக்க நாவல்பழச் சாறு வழிகிற நிறம், சொட்டுச் சொட்டாகத் தரையில் இறங்கியது. இரும்பு கரைந்து சேர்வதால் வரும் நிறம் அது. எங்கே அதிக ஊதாவோ அங்கே அதிக இரும்பு. மூன்று நான்கு நிமிடம் விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். காயவிடக் கூடாது, காய்ந்தால் கறை நின்றுவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒரே வீல்தான். கையுறை கட்டாயம். வேறு எந்த கிளீனரோடும் கலக்காதீர்கள்.

அதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வீல் ஆறியிருக்க வேண்டும். வெளியே போய்விட்டு வந்த கையோடு பைப்பைப் பிடித்தால், சூடான டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டு டிஸ்க் கோணிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது; பிரேக் மிதிக்கும்போது பெடல் துடிக்கும். அடித்த ரசாயனமும் சூட்டில் உடனே காய்ந்துவிடும். காலை வெயில் ஏறுவதற்குள், நிழலில், வண்டி எடுப்பதற்கு முன்பு செய்வதே வசதி.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் பிரஷ்ஷை அலச வெறும் தண்ணீர். வீலுக்குப் பயன்படுத்திய துணி பாடிக்குப் போகவே கூடாது. அதில் இரும்புப்பொடி இருக்கும், கதவில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். எங்கள் தெருவில் தினமும் கார் துடைக்க வரும் தம்பிகள் ஒரே துணியால் கண்ணாடியில் தொடங்கி டயரில் முடிப்பார்கள், மறுநாள் அதே துணி மறுபடி கண்ணாடிக்கு. அவர்களுக்கு வீலுக்கென்று நாமே ஒரு துணி கொடுத்துவிடுவதுதான் வழி. வீலை முதலில் முடித்துவிட்டு பாடிக்குப் போக வேண்டும். தலைகீழாகச் செய்தால் கழுவிய கதவில் மறுபடி கறுப்பு தெறிக்கும்.

பிரஷ்ஷுக்குப் பெரிய செலவு வேண்டாம். பெயின்ட் அடிக்கும் ஒன்றரை அங்குலப் பிரஷ்ஷின் தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டால், நட்டுக் குழிக்கும் ஆரக்கால்களின் இடுக்குக்கும் அதைவிட நல்ல சாமான் இல்லை. தகரம் வீலில் உரசாது. பழைய டூத் பிரஷ் லோகோ எழுத்துகளுக்கு. வீலின் உள்வட்டத்துக்கு மட்டும் நீளக் கைப்பிடி வைத்த மெத்தென்ற பிரஷ் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கம்பி நார், தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர் மூன்றையும் வாசலுக்கே கொண்டுவராதீர்கள். அழுக்கு போகும், கூடவே கிளியர் கோட்டும் போகும்.

உள்வட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளியே தெரிவதில்லை என்று யாரும் தொடுவதில்லை. ஆனால் வண்டியின் உடல்நிலை அங்கேதான் தெரிகிறது. முன்வீல் இரண்டில் ஒன்று மட்டும் மற்றதைவிட சட்டென்று அதிகமாகக் கறுக்கத் தொடங்கினால் அந்தப் பக்கத்து காலிபர், அதாவது பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பிடி, இறுகி நின்றிருக்கலாம். பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், ஓட்டிவிட்டு வந்து கையைக் கிட்டே கொண்டுபோனாலே அந்த வீலில் அனல் அடிக்கும். எங்கள் அபார்ட்மெண்டில் ஒருவர் மைலேஜ் குறைகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் வண்டியின் இரண்டு முன்வீல்களையும் பார்த்தால் ஒன்று சாம்பல் நிறம், ஒன்று கரி. "சார், அந்த வீலை மொதல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்றேன். காலிபர் பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதேபோல உள்வட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்காகக் கோடு தெரிந்தால் பிரேக் ஆயில் கசிவாக இருக்கலாம், அல்லது ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (ஆக்சில் பூட்) கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கலாம். அதைக் கழுவிவிட்டு மறந்துவிடக் கூடாது. பிரேக் ஆயில் என்றால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இந்த வேலைகளை நான் வாசலில் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "பித்தளைக்குப் புளி போடுறோமே, இதுக்கும் கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா என்னடா?" நியாயமான கேள்விதான். குத்துவிளக்கில் கை படுவது வெறும் உலோகத்தின் மேல். புளியின் அமிலம் மேலே கறுத்த படலத்தைக் கரைக்கிறது, அடியில் தங்க நிறம் வருகிறது. பெரும்பாலான அலாய் வீல்களில் நம் கை படுவது உலோகத்தில் இல்லை, அதன் மேலிருக்கும் வார்னிஷில். புளி அங்கே ஒன்றும் செய்யாது.

புளி பரவாயில்லை, பெரிய கெடுதலும் செய்யாது. வாட்டர் வாஷ் கடைகளில் சில இடங்களில் வைத்திருக்கும் ஆசிட்தான் பயம். நான் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தபோது வேலை செய்த தம்பி பெயர் ஒட்டாத கேனை எடுத்து வந்தான். "ரெண்டே நிமிஷம்ணே, புது வீல் மாதிரி ஆயிடும்." வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அவன் சொன்னது பொய்யில்லை, அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் கிளியர் கோட்டில் முடியளவு விரிசல் இருந்தாலும் ஆசிட் அதற்குள் இறங்கி அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். நட்டும் டிஸ்க்கும் துருப்பிடிக்கும். ஃப்ளூரைடு கலந்த வீல் ஆசிட்டுகள் ஆளுக்கே ஆபத்து. தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமலே உள்ளே இறங்கிவிடக்கூடியவை. அந்தப் பையன் கையுறைகூடப் போட்டிருக்கவில்லை. காரமும் அலுமினியத்துக்கு ஆகாது. சலவைச் சோடாவில் ஊறிய அலுமினியச் சட்டி கறுத்துப்போவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். இன்ஜின் பிசுக்குக்கு அடிக்கும் கடுமையான டீகிரீஸரும் பெரும்பாலும் கார வகைதான். பாட்டிலில் அலாய் வீலுக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருந்தால் மட்டும் தொடுங்கள்.

ஆக, எதைப் போடுவது என்பதற்கு முன் வீலின் மேல்தோல் என்ன என்று தெரிய வேண்டும். கம்பெனியிலிருந்து வரும் அலாய் வீல்கள் பெரும்பாலும் பெயின்ட் அடித்து கிளியர் கோட் போட்டவை. சிலவற்றில் முகப்பை மட்டும் லேத்தில் கடைந்து, அந்த மினுமினுப்புக்கு மேல் கிளியர் கோட் அடித்திருப்பார்கள்; டைமண்ட் கட் என்பது அதுதான். பழைய வண்டிகளிலும் வெளியிலிருந்து வாங்கி மாட்டியவற்றிலும் பூச்சே இல்லாத வெறும் பாலிஷ் அலுமினியம் இருக்கலாம். சந்தேகம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத உள்ஓரத்தில் வெள்ளைத் துணியில் துளி பிராஸோ மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். அழுக்கெல்லாம் கழுவிய பிறகும் துணி கறுத்தால் வெறும் உலோகம். கறுக்கவில்லையென்றால் மேலே பூச்சு இருக்கிறது, பிராஸோவை அத்தோடு எடுத்து வைத்துவிடலாம்.

வெறும் அலுமினியம் என்றால் மெட்டல் பாலிஷ்தான் ராஜா. பனியன் வேஸ்ட்டில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வந்துகொண்டே இருக்கும். அது அழுக்கு என்று நினைத்து கறுப்பு நிற்கும்வரை தேய்ப்பவர்கள் உண்டு. அலுமினியம் தேயும்வரை அது வந்துகொண்டுதான் இருக்கும். பளபளப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டியதுதான். பூச்சுள்ள வீலுக்கு கார் பாடிக்குப் போடும் மெல்லிய பாலிஷ் போதும். முரட்டு ரப்பிங் காம்பவுண்ட் வேண்டாம், வீலில் கிளியர் கோட் ஒன்றும் விரல் தடிமன் இல்லை.

என் முன்வீல்கள் இரண்டும் அயர்ன் ரிமூவருக்கே பெரும்பாலும் சரியாகிவிட்டன. மிச்சமிருந்த சொரசொரப்புக்கு கிளே பார், ஒட்டிய துகளைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கட்டி. ஷாம்பூத் தண்ணீரை நிறையத் தெளித்துக்கொண்டு கட்டியை மெல்ல நகர்த்தினால் கொஞ்ச நேரத்தில் தடவல் வழுக்கத் தொடங்கும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் குப்பைத்தொட்டிக்குத்தான். அதில் ஒட்டிய மணல் வீலைக் கீறும்.

சில்லறைத் தொல்லைகள் தனி. புதுத் தார் ரோட்டில் போய்வந்த தார்ப்புள்ளிக்கு, துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றித் துடைத்து உடனே ஷாம்பூ போட்டுக் கழுவினால் போதும். டயர் ரப்பரில் அது ஊறக் கூடாது. போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளை வட்டம் விழும், அதற்கு மருந்து தேடுவதைவிட ஈரம் காய்வதற்குள் துடைத்துவிடுவது சுலபம். தெருநாய்கள் இருக்கிறதே, அவற்றுக்கு ஊரில் எத்தனை கம்பம் இருந்தாலும் நம் பின்வீல்தான் வேண்டும். அந்த மூத்திரம் நாள்கணக்கில் காய்ந்து கிடந்தால் பூச்சு மங்கும். காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டால் போயிற்று. ஆயுத பூஜைக்கு வீலில் இடும் சந்தனம், குங்குமத்தையும் மறுநாளே எடுத்துவிடுவேன். சாமி கோபித்துக்கொள்ளாது. வாரக்கணக்கில் விட்டால் வெளிர்நிற வீலில் சிவப்புக் கறை தங்கிவிடுகிறது.

வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன் அடிக்கும்போது ஓர் அடி தள்ளியே பிடிக்கச் சொல்லுங்கள். அலாய் வீலின் உள்பக்கம் வீல் உதறாமல் சுழல வைக்கும் பேலன்சிங் எடைகள் பசையில்தான் ஒட்டியிருக்கின்றன. ஒன்று தெறித்துப் போனாலும் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கலாம். கடைசியில் அடிக்கும் டயர் பாலிஷ் இன்னொரு விஷயம். பக்கவாட்டில் மட்டும்தான், அதுவும் துணியில் தொட்டு. தரையில் படும் பகுதியில் பட்டால் வழுக்கும், டிஸ்க்கில் தெறித்தால் பிரேக் பிடிக்காது. கழுவி முடித்ததும் வண்டியை மெதுவாக நகர்த்தி இரண்டு மூன்று தடவை பிரேக் மிதித்து ஈரத்தைக் காயவிடுங்கள். மறுநாள் காலை டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத் துரு தெரிந்தால் பதறாதீர்கள், முதல் சில பிரேக்கிலேயே உரசிப் போய்விடும்.

சுத்தமான வீலுக்கு அழுக்கு ஒட்டாமல் காக்கும் சீலண்ட் ஒரு கோட் போட்டுவைத்தால் அடுத்த முறை பாதி வேலைதான். சாதாரண கார்னோபா மெழுகு 80 டிகிரிக்குச் சற்று மேலே போனதும் உருகிவிடும், பிரேக் சூட்டுக்குப் பக்கத்தில் அது அதிக நாள் நிற்காது. வீலுக்கென்றே வரும் செயற்கை சீலண்ட் வாங்குவது மேல். அதன்பிறகு வாராவாரம் வெறும் ஷாம்பூவே போதுமானதாக இருக்கிறது. அயர்ன் ரிமூவர் பாட்டிலை எப்போதாவதுதான் எடுக்கிறேன்.

மிச்சம் இருப்பது அந்த வெள்ளைக் கோடு விழுந்த பின்வீல். அது டைமண்ட் கட். எங்கோ நடைபாதைக் கல்லில் உரசியதில் கிளியர் கோட் பிளந்து, அந்த வழியே உப்புக்காற்றும் ஈரமும் நுழைந்து, பூச்சுக்கு அடியிலேயே அலுமினியம் புழுப்போல அரித்துக்கொண்டு போயிருக்கிறது. மேலே தேய்ப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வழி இரண்டு. திரும்ப லேத்தில் ஏற்றி முகப்பைக் கடைந்து கிளியர் கோட் அடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது, சில தடவைக்கு மேல் தாங்காது. அல்லது முகப்பின் மினுமினுப்பை விட்டுவிட்டு, அரிப்பு முழுவதையும் தேய்த்து எடுத்து, பிரைமர் கொடுத்து ஒரே நிறமாக பெயின்ட் அடிக்கலாம். கடற்கரை ஊரில் டைமண்ட் கட்டைக் கட்டி மாரடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நான்கையுமே கரும்சாம்பல் நிறத்துக்கு மாற்றினேன். பிரேக் தூளும் அதில் அவ்வளவாகத் தெரிவதில்லை, அது கூடுதல் லாபம்.

பெயின்ட் ஷெட்டுக்குக் கொடுப்பவர்கள் இரண்டு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். டயரைக் கழற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும், டயரோடு பேப்பர் ஒட்டி அடித்தால் விளிம்பில் சீக்கிரமே உரியும். அடுத்தது, நட்டு உட்காரும் கூம்புக் குழியிலும் வீல் ஹப்போடு ஒட்டும் பின்பக்கத்திலும் தடிமனாகப் பெயின்ட் விழக் கூடாது. அங்கே பெயின்ட் இருந்தால் ஓட்ட ஓட்ட நசுங்கி நட்டு தளரும். டயர் மாட்டியதும் பேலன்சிங் புதிதாகப் போட வேண்டும். நட்டுகளைக் குறுக்குமறுக்காக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து, கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓட்டியபின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.